பூட்டிய வீடு

திருவிடந்தையில் தபால் கொடுப்பவன் நான் ஒருவன்தான். நாள் முழுக்க அலைகிற எங்களைப் போன்ற கிராமத் தபால்காரர்களைப் பகுதிநேர ஊழியர் என்று சொல்லாதே என்றுதான் எங்கள் சங்கம் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தது. நானும் போனேன். அடுத்த வாரம் என் பையிலேயே எனக்கொரு பதிவுத் தபால் வந்தது. வேலைநிறுத்தத்துக்கு விளக்கம் கேட்கிற மெமோவாகத்தான் இருக்கும். எரிச்சலில், பிரிக்காமலே உறைமேல் ‘கதவு பூட்டியிருந்தது’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

மேலதிகாரி போனில் கத்தினார். “உன் வூடு பூட்டிகீதுன்னு நீயே எழுதுவியா?”

“ஆமா சார். நான் தபால் குடுத்துகினு இருந்தேன், வூட்ல யாரு இருப்பா?”

மறுநாள் அது மறுபடி வந்தது. கொடுத்தவனாகவும் வாங்கியவனாகவும் நானே கையெழுத்துப் போட்டுப் பிரித்தேன். ‘பகுதிநேர ஊழியரான தாங்கள்’ என்றுதான் ஆரம்பித்திருந்தார்கள்.