பனிச்சரிவில் ஒரு புள்ளி

ஒஸ்லோவின் ஓரத்து வெஸ்ட்லியில், ஏழாம் மாடியில் இருக்கும் சித்தியின் வீட்டில், சாமித்தட்டுக்குக் கீழே ஒரு படம் மாட்டியிருந்தது. மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, முன்னால் விளக்கும் ஏற்றியிருப்பார். புதிதாக வருகிறவர்கள் கும்பிடக் கையெடுத்துவிட்டுத் தடுமாறுவார்கள். படத்தில் ஆள் இல்லை. வட நோர்வேயின் மீன்பிடி ஊர் ஒன்று, அதற்குப் பின்னால் பனி மூடிய மலைச்சரிவு, அவ்வளவுதான். சித்தி விரலால் தொட்டுக் காட்டுவார். "இந்தா, இதிலை. வேலை முடிஞ்சு வாறார்." சரிவின் நடுவில் கடுகளவில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும்.

சித்தியும் சித்தப்பாவும் அகதிகளாக வந்த புதிதில் அந்த ஊர் மீன் ஆலையில் வேலை செய்தவர்கள். ஒரு மாசி மாதப் புயலில் இறங்குதுறையில் வழுக்கி விழுந்த சித்தப்பாவைக் கடல் திருப்பித் தரவேயில்லை. சட்டைப்பையில் இருந்த அடையாள அட்டையும் அவரோடேயே போயிற்று. எடுத்த படங்களை எல்லாம் சொந்த ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே போரில் குண்டு விழுந்து வீடு எரிந்தபோது கலியாண அல்பத்தோடு அவையும் சாம்பலாயின. ஆண்டுத் திவசத்துக்குப் படைக்க ஒரு முகம் இல்லை. வெறும் சுவருக்கு முன்னால் இலை போட்டுச் சோறு வைத்துவிட்டுச் சித்தி அழுவார். பார்க்க நெஞ்சு பொறுக்காது.

இரண்டாயிரங்களின் நடுவில் எனக்கு ஒஸ்லோவில் ஓர் அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. வடகரை முழுவதையும் படமெடுத்துவிட்டு இறந்துபோன ஒரு புகைப்படக்காரரின் அச்சுகள் அங்கே பெட்டி பெட்டியாக இருந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றி, கறையும் தூசியும் நீக்கி, கண்காட்சிக்குப் பெரிதாக அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு படத்தின் பின்புறம் சித்தி வேலை செய்த மீன்பிடி ஊரின் பெயரைக் கண்டேன். கறை நீக்குமுன் எடுத்த சோதனை அச்சு ஒன்று குப்பைக்குப் போகக் கிடந்தது. கேட்டு வாங்கிச் சித்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊரைப் பார்த்துச் சந்தோசப்படுவார் என்றுதான் நினைத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். சித்தி அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்து, படத்தைக் கன்னத்தோடு வைத்து விக்கி விக்கி அழுதார். "மனிசன் இப்பிடித்தான், இடப்பக்கம் சாஞ்சு நடக்கிறது" என்றார்.

அடுத்த வாரம் அதே பெட்டியின் மற்றப் படங்களைக் கணினியில் ஏற்றினேன். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே புள்ளி. ஒன்றில் மேகத்துக்குள், இன்னொன்றில் நடுக்கடலில். கமராவுக்குள் ஒட்டியிருந்த ஏதோ அழுக்கு. அந்த வருடத் திவசத்தில் சித்தி முதல் தடவையாக அழாமல் சோறு படைத்தார். அதைக் கண்ட பிறகு எந்த வாயால் சொல்வது? ஆனால் வேலை வேலைதானே. எல்லாப் புள்ளிகளையும் அழித்தேன். சரிவில் இருந்ததை மட்டும் கடைசிவரை விட்டுவைத்து அழித்தேன். சித்தியிடம் கண்காட்சி பற்றி மூச்சும் விடவில்லை.

யாரோ சொல்லிவிட்டார்கள். காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு, பக்கத்து ரொம்மனில் இருந்து நாலு தமிழ்ப் பெண்களையும் கூட்டிக்கொண்டு சித்தி வந்தார். "என்ரை மனிசன் மியூசியத்திலை இருக்கிறார்" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். சுவரளவு பெரிய படத்தின் முன் நின்று தேடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தேடினார். வெறும் பனி.

"பிள்ளை, இவர் எங்கை?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அது அழுக்கு என்று சொன்னால் வீட்டில் விளக்கு அன்றோடு அணைந்துவிடும்.

"நான்தான் சித்தி. கறை எண்டு நினைச்சுப் பிழையா அழிச்சுப்போட்டன்."

கூட வந்த பெண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். சித்தி கத்தவில்லை. "ஒருக்கா கடல் கொண்டுபோச்சு. இப்ப நீ" என்றார்.

எத்தனையோ வருடமாகிவிட்டது. சித்தி என்னோடு கதைப்பதில்லை. என் மகள் பெரிய பிள்ளையானபோது வைத்த சாமத்திய வீட்டுக்கும் வரவில்லை. திவசத்துக்கு எனக்கு அழைப்பில்லை. தம்பிதான் போய் வருகிறான். போன மாதமும் போய்விட்டு வந்தான். அந்தப் படத்துக்கு இன்னும் விளக்கு வைக்கிறாவோ என்று கேட்டேன்.

"ஓம், வைக்கிறா. மாலையும் புதுசு" என்றான்.

அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். போதவில்லை.