எட்டாவது பொத்தான்

என் அக்காவுக்கு வாய் ஓயாது. துணி தேய்க்கும் கடையில் இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டே வருகிறவர் போகிறவர் எல்லோரையும் வம்புக்கு இழுப்பாள். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று அவள் சொல்லாத நாள் இல்லை. அப்பேர்ப்பட்டவளுக்குப் பிறந்த ஒரே பெண்ணுக்குப் பேச்சு வரவில்லை. கைகாலும் சொன்னபடி கேட்காது. வலது கையில் ஒரு விரல் மட்டும் கேட்கும்.

அந்த விரலுக்காக உதவிக் கருவி மையத்தில் ஒரு பேசும் பெட்டி கொடுத்தார்கள். எட்டுப் பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் நம் குரலையே பதிந்துகொள்ளலாம். அழுத்தினால் பெட்டி அதைச் சொல்லும். அக்கா உட்கார்ந்து பதிந்தாள். அம்மா, சித்தி, பசிக்குது, தண்ணி, பாத்ரூம், தூக்கம் வருது, டிவி போடு.

"கடைசில 'வேண்டாம்'னு ஒண்ணு வைங்கக்கா" என்றாள் மையத்துப் பெண்.

"அட போம்மா! எம்பொண்ணு தங்கம். எதையும் வேண்டாம்னு சொல்லாது."

எட்டாவதில் 'நல்லா இருக்கேன்' என்று பதிந்தாள். கடைக்கு வருகிறவர்கள் நலம் கேட்பார்கள், பெட்டி பதில் சொல்லும், அக்காவுக்குத் தலைகால் புரியாது.

பிறகு பாதம் வளையாமலிருக்கக் காலுக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை வந்தது. முதல் நாள் கொஞ்ச நேரம் போதும் என்று மையத்தில் சொல்லியிருந்தார்கள். அக்காவுக்கு எதிலும் அவசரம். "பழகினா சரியாயிடும்" என்று காலையில் இறுக்கிக் கட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். பெண் 'அம்மா, அம்மா' என்று அழுத்திக்கொண்டே இருந்தாள். அக்கா தண்ணீர் கொடுத்தாள், டிவி போட்டாள்.

"என்னடி, இன்னிக்கு இந்த அடம்?"

மதியம் துணி வாங்க வந்தவர், "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டார். பெண் அசையவில்லை. அக்காவே அவள் விரலைப் பிடித்து எட்டாவது பொத்தானில் வைத்து அழுத்தினாள். 'நல்லா இருக்கேன்' என்றது பெட்டி.

சாயங்காலம் பட்டையைக் கழற்றினால், குதிகாலில் தோல் உரிந்து சதை தெரிந்தது. அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் சத்தம் போட்டேன்.

"இப்ப அழுது என்னக்கா பிரயோஜனம்? வலிக்குதுன்னு அவ எதால சொல்லுவா?"

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான். அன்றைக்கே அக்கா எட்டாவதை அழித்து 'வேண்டாம்' என்று பதிந்தாள்.

மறுநாள் காலையில் அக்கா வழக்கம்போல் சீப்போடு பெண்ணின் பக்கத்தில் போனாள். விரல் நீண்டது.

'வேண்டாம்.' அக்காவின் குரலேதான்.

புதுப் பொத்தானைப் பழகிப் பார்க்கிறாள் என்று நினைத்துச் சிரித்தபடி இன்னும் கிட்டே போனாள். மறுபடியும் 'வேண்டாம்'. அக்கா சீப்பை என்னிடம் நீட்டினாள். பெண் என் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

புண் என்றோ ஆறிவிட்டது. இப்போதும் தலை வாருவது நான்தான். அக்கா தினமும் வாசற்படியில் நின்று, "அம்மா வரட்டுமாடி?" என்று கேட்கிறாள். பெட்டி 'அம்மா' என்று சொல்லும்வரை உள்ளே காலெடுத்து வைப்பதில்லை.