கல்லை எடுக்கச் சொன்னவன்

செவிலிமேட்டுக்குத் தெற்கே, பாலாற்றங்கரையை ஒட்டி எங்கள் சனத்தின் இடுகாடு. அதன் வழியாகப் புதுச் சாலை வருகிறது என்றார்கள். எங்கெங்கே புதைத்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் சாலையை விலக்கிப் போட்டுவிடலாம் என்று சொன்னவர் என் மேலதிகாரி. தரைக்குள் நுண்ணலையை அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்கிக் கொடுக்கும் கம்பெனியில் இருவரும் பத்து வருடமாக ஒன்றாக வேலை பார்த்தோம். என் அம்மாவின் அடக்கத்துக்கு வந்து ஒரு பிடி மண் போட்டவர். அவர் பேச்சை நம்பாமல் யார் பேச்சை நம்புவேன்?

கருவி பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தள்ளுவண்டி, அடியில் ஆன்டெனாப் பெட்டி. பெட்டி தரையோடு ஒட்டிப் போகவேண்டும், இல்லையென்றால் படம் கெட்டுவிடும். அதனால் மண்மேடுகளைத் தட்டிச் சமமாக்குங்கள், கற்களை எடுத்து ஓரமாக வையுங்கள் என்று ஊரில் கேட்டது நான்தான்.

"அடையாளத்த எடுத்துட்டா அப்பால நமக்கு இன்னாபா இருக்குது?" என்றார் சித்தப்பா.

"படத்துல எல்லாம் வந்துடும் சித்தப்பா. மேல இருக்கறதவிட பத்திரமா இருக்கும்."

சொன்னதோடு நிற்கவில்லை. அம்மாவின் கல்லை நானே முதலில் பெயர்த்து இடுகாட்டுச் சுவரோரம் சாய்த்தேன். அதன் பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கல்லைப் பெயர்த்து ஓரம் வைத்தார்கள், மேடுகளைத் தட்டிவிட்டார்கள்.

இரண்டு நாள் வண்டியைத் தள்ளினேன். திரையில் குழி குழியாக அத்தனை பேரும் தெரிந்தார்கள். அம்மா கேட்டபடி கூடவே வைத்த பித்தளை வெற்றிலைப் பெட்டி பளிச்சென்று தெரிந்தது. கொஞ்ச நேரம் வண்டியை நகர்த்தவே மனம் வரவில்லை.

படக்கோப்பு முழுவதையும் மேலதிகாரியிடம் கொடுத்தேன். அவர் அனுப்பிய அறிக்கை ஒரே வரிதான்: மண் கலைந்திருக்கிறது, புதைத்த தடயம் ஏதுமில்லை. கீழே அவர் கையெழுத்து. படம் ஒன்றுகூட இல்லை.

போன் செய்தேன். "மேல இருந்து பிரஷர்பா. நீ இத மனசுல வெச்சிக்காத" என்றார். அவர் போட்ட மண்ணும் அம்மாவின் குழியில்தானே கிடக்கிறது! மறுநாள் கம்பெனிக் கணினியில் என் பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை. படமெல்லாம் அதற்குள்தான், என்னிடம் நகல் இல்லை.

ஜேசிபி வந்த அன்று, ஊர் மறித்ததால் அதிகாரி ஒருவர் வந்தார். இடுகாடு விளையாட்டு மைதானம் மாதிரி சமமாகக் கிடந்தது. "எங்க இருக்குது சமாதி? காட்டுங்க" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மத்தவங்கள உடு" என்றார் சித்தப்பா மெதுவாக. "உங்கம்மா எங்க இருக்கான்னாவது காட்டுபா."

சுவரிலிருந்து எண்ணி நடந்தேன். பத்தடியில் நின்றேன். இல்லை, இன்னும் கொஞ்சம் தள்ளி என்று நகர்ந்தேன். திரும்பவும் நகர்ந்தேன். எனக்குத் தெரியவில்லை.