காது நுனியை நம்பிய மைக் அக்கா

மைக் அக்காவிடம் வாயைக் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்தவர் அந்தத் தெருவில் யாருமில்லை. பிராணிகள் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாள் வேலை. பூனையைப் பிடித்துக்கொள்வது, ஊசி எடுத்துக் கொடுப்பது, பிறாண்டல் வாங்குவது. அதோடு நிறுத்தினாளா? வேலை முடிந்ததும் கையில் மைக்கோடு தெருத்தெருவாகக் கிளம்பிவிடுவாள்.

"ஆசைக்கு வளர்க்கிறீங்க, சரி. குட்டி போட்டா அதுங்களை யார் பார்ப்பா? கூட்டிட்டு வாங்க, ஆபரேஷன் பண்ணிடலாம்!"

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையிடமே ஆபரேஷன் பேச்சை எடுத்துவிட்டாள். அவருடைய நாயைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று தெரிவதற்குள் பெண் வீட்டாருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

ஆபரேஷன் ஆன தெருப்பூனைக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே டாக்டர் இடது காது நுனியைத் துளி வெட்டிவிடுவார். மறுபடி யாரும் அதைப் பிடித்துக்கொண்டு வரக் கூடாதல்லவா, அதற்கு அடையாளம். "காதைப் பாருங்க, போதும்!" என்று மைக் அக்கா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அவள் வீட்டுக்கும் ஒரு பூனை வந்து ஒட்டிக்கொண்டது. இடது காதில் நுனி இல்லை. பிறகென்ன, டாக்டரிடம் காட்டக்கூட இல்லை. பூனையோ நாளுக்கு நாள் பெருத்தது.

"அடியே, இது வயித்துல குட்டி இருக்கு" என்றாள் மாமியார்.

"ஆபரேஷன் ஆன பூனை இப்படித்தான் ஊதும் அத்தை. நீங்க வேற ஊட்டி ஊட்டி விடுறீங்க."

"நாலு பெத்தவ சொல்றேன்!"

"நான் நாலாயிரம் பூனை பார்த்தவ!"

நடுவில் உட்கார்ந்திருந்த கணவர் பஸ் டிரைவர். ரோட்டில் எவனுக்கும் வழிவிடாத மனிதர், வீட்டில் இந்த இருவருக்கும் வழிவிட்டு ஒதுங்கியே காலம் தள்ளினார்.

இந்த நேரம் பார்த்து அவர்கள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் பூனைத் தகராறு வெடித்தது. படிக்கட்டில் பூனை, கார் மேல் பூனை, மீட்டர் பெட்டிக்குள் பூனை. எல்லாவற்றையும் கோணியில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவிடலாம் என்றார் சங்கச் செயலாளர், ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். அப்படி விடப்பட்ட பூனைகளை ரோட்டிலிருந்து அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை மைக் அக்கா பார்த்திருக்கிறாள். ஒன்று விடாமல் ஆபரேஷன் செய்து தர டாக்டரைச் சம்மதிக்க வைத்தாள். இனிச் சங்கக் கூட்டம் கை தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வெளுத்து வாங்கினாள். "இதுங்களைத் துரத்தினா இந்த இடத்துக்கு வேற பூனை வரும். அதுவும் குட்டி போடும்!" தலைகள் ஆடின. செயலாளரே கொஞ்சம் இறங்கி வந்து, "சரி, கை தூக்குங்க" என்று சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் மாமியார் துணிக்கூடையோடு உள்ளே நுழைந்தாள்.

"அடியே! உன் ஊதின பூனை என் பையன் யூனிஃபார்ம் மேல அஞ்சு குட்டி போட்டிருக்கு. நான் சொன்னேனா இல்லையா?"

கூடைக்குள் தாயும் குட்டிகளும். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"சொந்தப் பூனையவே பார்த்துக்க முடியல, எங்களுக்குக் கிளாஸ் எடுக்க வந்துட்டீங்களா?" என்றார் செயலாளர்.

மானம் போய்விட்டது. போகட்டும், இத்தனை பூனைகளும் அல்லவா கோணிக்குப் போகப்போகின்றன! அவள் மைக்கைக் கீழே வைத்தாள்.

"தப்புதான். எங்கேயோ சண்டையில கடிபட்ட காது. அதைப் பார்த்து நம்பிட்டேன். டாக்டர்கிட்ட காட்டல. அத்தை சொன்னாங்க, எனக்குத் தெரியாததான்னு ஒரு திமிர், கேக்கல. எங்க வீட்டுலயே அசந்த நேரத்துல அஞ்சு கூடிடுச்சு. குட்டிங்க பால் மறந்ததும் தாய்க்கு ஆபரேஷன், வளர்ந்ததும் அதுங்களுக்கு. எல்லாம் என் பொறுப்பு. ஆனா இதுங்களையும் கோணியில கட்டணும்னா, இப்பவே என் முகத்தைப் பார்த்துச் சொல்லிடுங்க."

சிரிப்பு நின்றது. இரண்டாம் மாடித் தையல்காரம்மா மெதுவாக, "எங்க வீட்டுதுக்கும் காதைத்தான் பார்த்தேன். டாக்டர்கிட்ட காட்டிடணும்" என்றாள். "நாங்களும்தான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எங்க வீட்டுல அந்தத் தொல்லையே இல்ல. எங்க பூனை ஆம்பளை" என்றார் செயலாளர்.

கூடையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி, "கொஞ்சம் இங்க வாங்க" என்றாள்.

ஐந்தும் வெள்ளை. ஐந்துக்கும் மூக்குக்குக் கீழே கறுப்பு மீசை.

"அப்படியே நம்ம பையன்! ராத்திரியெல்லாம் எங்க போறான்னு இப்பல்ல தெரியுது. முதல் ஆபரேஷன் அவனுக்குத்தான். கையைத் தூக்குங்க!"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுப் பார்த்தார். மீசை போகவில்லை. கையைத் தூக்கினார். அவர் தூக்கியதும் கூட்டமே தூக்கியது. மைக் அக்கா எல்லோர் எதிரிலும் அழுதேவிட்டாள்.

கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது மாமியார் ஆரம்பித்தாள். "அவ்வளவு பேசினியே, உன் பேச்சுக்கு ஒருத்தனாவது கை தூக்கினானா? என் குட்டிங்களைப் பார்த்துத்தான்டி தூக்கினாங்க."

"ஆமா அத்தை" என்றாள் மைக் அக்கா.

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமியாரிடம் அவள் சொன்ன முதல் 'ஆமா' அது. மாமியார் பதறிப்போய்க் கூடையைப் படியில் வைத்துவிட்டு, காய்ச்சல் ஏதும் அடிக்கிறதா என்று மருமகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.