கடல் கொஞ்சம் சரிந்திருக்கிறது

போன வாரப் பத்திக்கு வந்த பாராட்டுகளைப் பார்த்து ஆடிப்போய்விட்டேன். வாரம் தவறாமல் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். இப்படியொரு வரவேற்பு வந்ததே இல்லை. மின்னஞ்சல், வாட்ஸ்அப், போதாததற்குத் தபாலில் கடிதங்கள்... சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது ஒருவர் தேடிவந்து கையைப் பிடித்தார்.

"சேர், போன கிழமை படம் அந்த மாதிரி, நல்ல திறம்."

"எழுத்து?"

"எழுத்தோ... அது நேரமெடுத்து ஆறுதலா இருந்து வாசிக்கவேணும் சேர்."

விஷயம் விளங்கியிருக்கும். பாராட்டெல்லாம் படத்துக்கு. சல்லி என்ற மீனவக் கிராமத்துக் கரையில் நெத்தலி காயப்போடும் பெண்ணொருத்தி வாய்விட்டுச் சிரிக்கிறாளே, அந்தப் படத்துக்கு. 'எந்தக் கமராவில் எடுத்தீர்கள், நாங்களும் ஒன்று வாங்க யோசிக்கிறோம்' என்று கேட்டவர்களும் பலர்.

ஐயா, அதை நான் எடுக்கவில்லை. என் மனைவி எடுத்தாள். கீழே 'படம்: வசந்தி' என்று போட்டிருந்தார்கள். சின்ன எழுத்துத்தான். எனக்கு மட்டும் அது பத்தியின் தலைப்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

சொல்லிவிடுகிறேனே – பொறாமைதான். வேறு பெயர் வைத்து மறைக்க விரும்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துப் பொறாமை வந்தால் மனைவியிடம் சொல்லி ஆறலாம். மனைவியைப் பார்த்தே பொறாமை வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

கமரா வீட்டுக்குள் வந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

பத்தியோடு ஒரு படமும் வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். என் பழைய போனில் எடுத்த படம் பேப்பரில் வந்தபோது கோணேசர் கோயில் எது, மழை மேகம் எது என்று பிரிக்க முடியவில்லை. சரி, கமரா ஒன்று வாங்குவோம் என்று வசந்தியும் நானும் கடைக்குப் போனோம். அவள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் வாங்க மாட்டாள்.

கிண்ணியாவைச் சேர்ந்த கடைக்காரர் கண்ணாடி மேசையில் இரண்டைத் தூக்கி வைத்தார். ஒன்று, புதிதாகப் பழகுகிறவர்களுக்கான டிஎஸ்எல்ஆர். மற்றது உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கமரா.

"சேருக்கு என்ன எடுக்கவேணும்?"

"எல்லாம்."

"அப்ப ரெண்டிலயும் எடுக்கலாம். இது பாரம், ஆனா லென்ஸைக் கழட்டி மாத்தலாம். மற்றது பொக்கற்றுக்குள்ள போகும், லென்ஸ் மாத்த ஏலாது."

என்னிடம் மாற்றுவதற்கு இரண்டாவது லென்ஸ் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனாலும் 'ஏலாது' என்ற சொல் காதில் விழுந்ததுமே முடிவு செய்துவிட்டேன்.

"இஞ்சருங்கோ, சின்னனே காணும், பெரிசு எதுக்கு," என்றாள் வசந்தி. "ஹாண்ட்பாக்குக்குள்ள போட்டுக்கொண்டு போகலாம்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அவளுக்குத் தெரியாத ஒரு கணக்கு என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. என் சகலனிடம், அதாவது அவளுடைய தங்கையின் கணவரிடம், ஒரு டிஎஸ்எல்ஆர் இருக்கிறது. குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்துவிடுவார். என் மாமியார் என்னிடம் "சாப்பிட்டீங்களோ தம்பி" என்று கேட்பதோடு சரி. சகலனிடம்தான் "இஞ்சால வந்து ஒண்டு எடுங்கோ தம்பி" என்று ஆசையாகக் கேட்பார். ஒரு மனிதனுக்கு இது போதாதா?

பெரியதை நான் வாங்கினேன். வசந்தி வாதாடவில்லை. தன் சம்பளம் வந்ததும் அதே கடைக்குப் போய் மற்றதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

பெரிய கமராவோடு வாழ்வது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அதன் தலையில் ஒரு வட்டம் இருக்கிறது. வட்டத்தைச் சுற்றிப் பல எழுத்துகள். பச்சை நிற 'ஆட்டோ'வைத் தாண்டி நான் போனதில்லை. கடற்கரைக்குக் கொண்டுபோனால் மணல் படும், உப்புக் காற்று படும் என்று பிள்ளையைப் போலப் பொத்திப் பொத்தி வைக்கவேண்டும். நாங்கள் இருப்பது உவர்மலையில். துறைமுகம் கண்முன்னே விரிந்து கிடக்கும். ஆசையாகக் கமராவைத் தூக்கினால் எங்கிருந்தோ ஒரு விசில் கேட்கும் – கடற்படை இருக்கும் அந்தப் பக்கம் படம் எடுக்கக்கூடாது. நான் காவல்காரரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கும்போது, வசந்தி பக்கத்தில் நின்று, எங்கள் ஊர் வீதியோரங்களில் ஆடுமாடுபோல மேய்ந்து திரியும் மான்களில் ஒன்றைப் படம் எடுத்துக்கொண்டிருப்பாள். அவளை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

இனிச் சல்லிக்கு வருவோம்.

கருவாடு பற்றி எழுதுவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போனேன். கருவாடு வாங்குவதற்காக வசந்தியும் வந்தாள். கரையில் ஒரு பெண் வலையை விரித்து நெத்தலியைப் பரப்பிக்கொண்டிருந்தார். பெயர் புஸ்பராணி என்று பிறகு தெரிந்தது. நல்ல வெளிச்சம். நான் பையைத் திறந்து, கமராவை எடுத்து, லென்ஸ் மூடியைக் கழற்றினேன்.

புஸ்பராணி நிமிர்ந்து பார்த்தார். கூடையைக் கீழே வைத்தார். வீடுகள் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டார்.

"எல்லாரும் வாங்கோ, படம் எடுக்க வந்திருக்கினம். ஐசியையும் கொண்டு வாங்கோ."

கொஞ்ச நேரத்துக்குள் என் முன்னே ஒரு வரிசை. பெண்கள் நைற்றிக்கு மேலே துவாய் போட்டு, தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் ஓடிப்போய்ச் சேர்ட் மாட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லோர் கையிலும் அடையாள அட்டை, நெஞ்சுக்கு நேரே, எழுத்துத் தெரியும்படி. ஒருவர் மட்டும் வரிசையில் சேரவில்லை. தன் படகின் பக்கத்தில் நின்று அதிலிருந்த ஓட்டையை விரலால் காட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த முறை என்ன சேர், வலையோ கக்கூசோ?" என்று கேட்டார் புஸ்பராணி.

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. சுனாமிக்குப் பிறகு, சண்டைக்குப் பிறகு, அந்தக் கரைக்குப் பெரிய கமரா வந்ததெல்லாம் உதவி கொடுக்கும் ஏதாவது ஓர் அலுவலகத்திலிருந்துதான். வரிசையில் நிற்கவேண்டும், கார்ட்டைப் பிடிக்கவேண்டும், உடைந்ததைக் காட்டவேண்டும். ஒருவர் எடுத்துக்கொண்டு போவார். சில வேளை உதவி வரும், சில வேளை வராது. சும்மா அழகுக்காக ஒருவன் இவ்வளவு பெரிய கமராவைத் தூக்கிக்கொண்டு வருவான் என்று அவர்கள் ஏன் நினைக்கவேண்டும்?

"இல்லையக்கா, நான் பேப்பருக்கு எழுதிறனான். ஒண்டும் தரமாட்டினம்."

"பரவாயில்லை, பதிஞ்சுவிடுங்கோ. எதுக்கும் இருக்கட்டும்."

என்ன செய்வது? பதிந்தேன். எல்லோரும் விறைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் தேடிவந்தது இதையல்ல – வேலை செய்யும் கைகள், வெயில், கடல், காகங்கள். அதற்குள் வெயிலும் ஏறிவிட்டது.

வரிசை கலைகிற நேரம், நான் குனிந்து லென்ஸில் பட்ட மணலை ஊதிக்கொண்டிருந்தேன். பின்னால் சிரிப்புச் சத்தம். கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகின் மேல் உட்கார்ந்து வசந்தி புஸ்பராணியோடு கதைத்துக்கொண்டிருந்தாள். துவாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, கை நிறைய நெத்தலியோடு புஸ்பராணி சிரித்துக்கொண்டிருந்தார். வசந்தியின் சின்னக் கமரா அந்தக் கதைக்கு நடுவே எப்போது வெளியே வந்தது, எப்போது உள்ளே போனது என்று நான் பார்க்கவே இல்லை.

பிழை என்னுடையதுதான். வீட்டுக்கு வந்து இரண்டு கமராவின் படங்களையும் ஒரே இடத்தில் இறக்கி, முழுவதையும் ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன். அவர் எனக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, ஒண்டு அந்த மாதிரி வந்திருக்கு. அந்தம்மா சிரிக்கிற படம். உங்கட டிஎஸ்எல்ஆரிலதானே எடுத்தது?"

பொய் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் வசந்தி மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். பேப்பர் வந்த அன்று நான் அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆராய்ந்தேன். எங்காவது ஒரு குறை இருக்காதா? இருந்தது. படத்தின் மூலையில் குனிந்து நிற்கும் ஒரு மனிதனின் பின்புறம் தெரிகிறது. அது நான். அதைச் சொன்னால் எனக்குத்தான் வெட்கம். இன்னும் தேடினேன். கிடைத்தது – அடிவானக் கோடு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

"கடல் கொஞ்சம் சரிஞ்சிருக்கு," என்றேன்.

"தண்ணி வெளியில வடியாது, பயப்பிடாதேங்கோ," என்றாள்.

சகலன் வேறு போன் எடுத்து, "அக்கா நல்லா எடுத்திருக்கிறா, நீங்களும் ஏதோ கமரா வாங்கினதெண்டு சொன்னீங்கள்..." என்று இழுத்தார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன சனிக்கிழமை மறுபடியும் சல்லிக்குப் போனோம். வசந்தியின் யோசனைதான். படம் எடுத்தவர்கள் யாரும் அந்த மக்களுக்கு ஒரு பிரதிகூடக் கொண்டுபோய்க் கொடுத்ததில்லையாம், அன்றைக்குப் புஸ்பராணி சொன்னாராம். தான் எடுத்த படத்தை வசந்தி பெரிதாக்கி, லாமினேற் செய்து வைத்திருந்தாள். என் வரிசைப் படத்தையும் சின்னதாகச் சில பிரதிகள் போட்டு எடுத்துக்கொண்டேன், கடமைக்கு.

எங்களைக் கண்டதும் புஸ்பராணி சிரிக்கவில்லை.

"இப்பிடிச் செய்யலாமோ ரீச்சர்?"

வசந்தி திகைத்துப்போனாள். "என்னக்கா?"

"மூத்தவளுக்குப் பாலையூற்றில கலியாணம் பேசி வைச்சிருக்கிறம். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் என்னை நேரில கண்டதில்லை. முதல் முதல் பேப்பரில கண்டிருக்கினம். பழைய நைற்றி, கலைஞ்ச தலை, முன்பல்லு ரெண்டும் இல்லாத வாய். தரகர் வந்து சொல்லிச் சிரிக்கிறார். பிள்ளை ரெண்டு நாளா என்னோட கதைக்கேல்ல."

வசந்தி லாமினேற் படத்தை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். நான் அதைப் பார்த்தேன். பேச்சை மாற்றுவோம் என்று வரிசைப் படத்தை எடுத்து நீட்டினேன்.

புஸ்பராணி கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பெயர் சொன்னார். தன்னிடம் வந்ததும் விரல் நின்றது. பக்கத்தில் அவருடைய கணவர். சேர்ட்டுக்குக் கழுத்துவரை பட்டன் போட்டு, நேராக நிமிர்ந்து நிற்கிறார். புஸ்பராணியும் அப்படித்தான் – துவாயைப் போர்த்து, தலையைக் கட்டி, வாயை இறுக்க மூடிக்கொண்டு.

"இந்த மனுசன் எனக்குப் பக்கத்தில எத்தினையோ படத்துக்கு நிண்டிருக்கு. எல்லாம் ஓப்பீசுகளுக்குப் போனது. கையில வந்தது இதுதான்." பிறகு என்னைப் பார்த்தார். "படமெண்டா இது படம் சேர். பேப்பரில போடுறதெண்டா இதைப் போடுங்கோ. அவையள் பாக்கட்டும்."

அந்த நிமிடம் நான் எப்படி உணர்ந்தேன் தெரியுமா? ஒரு தாயின் மனவருத்தத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன். வாசகர்கள் என்ன, ஆசிரியர் என்ன, சகலன் என்ன... படத்தில் இருக்கிறவரே என் படத்தைத் தெரிவு செய்துவிட்டாரே. இதற்கு மேல் ஒரு தீர்ப்பு உண்டா?

வசந்தி புஸ்பராணியின் கையைப் பிடித்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, கேட்டுப்போட்டுத்தான் போட்டிருக்கவேணும்," என்றாள். கேட்காமல் அனுப்பியது நான். அதை அவள் சொல்லவில்லை.

மோட்டார் சைக்கிளில் திரும்பினோம். சின்னக் கமரா ஹாண்ட்பாக்குக்குள் போய்விட்டது. அந்தப் பெரிய லாமினேற் படத்துக்கு மட்டும் போக இடமில்லை. அதை என் முதுகுக்கும் தன் நெஞ்சுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு வந்தாள். காற்றுக்கு அது படபடவென்று என் முதுகில் அடித்துக்கொண்டே வந்தது. உப்புவெளி தாண்டும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. ஜெயித்தவனுக்கு இப்படியா இருக்கும்?

"உம்மட படம்தான் நல்ல படம்," என்றேன். மனதாரச் சொன்னேன். பொறாமையோடுதான் சொன்னேன், அது பொய்யில்லை என்பதற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

பின்னால் அவள் படத்தை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்தாள்.

"கடல் சரிஞ்சிருக்கு," என்றாள்.

அன்றைக்கு அலுமாரிக்குள் போன சின்னக் கமரா இன்னும் வெளியே வரவில்லை. வீதியோர மான்கள் படம் எடுக்க ஆளில்லாமல் மேய்கின்றன. லாமினேற் படத்தை நான் எங்கள் வீட்டு முன்னறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், புஸ்பராணியிடம் இம்முறை போனில் கேட்டுவிட்டு. "உங்கட வீட்டுக்குள்ள எண்டா பரவாயில்லை" என்றார். ஆணி அடிக்கும்போது எனக்கே கைதவறிவிட்டதோ என்னவோ, இப்போது சட்டமும் கொஞ்சம் சரிந்துதான் தொங்குகிறது. கடல் நேராக வந்துவிட்டது. வசந்தி அதைப் பார்த்தாள், நேராக்கவில்லை.

இந்தப் பத்திக்கு மேலே இருக்கும் வரிசைப் படம் நான் எடுத்தது. விறைப்பாகத்தான் நிற்கிறார்கள், எனக்கும் தெரியும். பாராட்டுக் கடிதம் ஒன்றும் வேண்டாம். பாலையூற்றில் ஒரு வீட்டார் பார்த்தால் போதும்.

எந்தக் கமரா வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு: பெரியதோ சின்னதோ, எதையும் வாங்குங்கள்... ஒரு வீட்டுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.