மூக்கைப் பொத்திய கண்ணீர்

முன்னறையிலிருந்து விசும்பல் கேட்டது. சலவைக்காரி போர்வையைப் பிழிவதை நிறுத்தவில்லை. தங்கையின் அழுகை அவளுக்குத் தெரியாததா? சின்ன வயதில் பொம்மைக்கு அழுததும் இதே சுருதி. பெற்ற குழந்தையை விட்டுவிட்டுப் போன அன்று அழுததும் இதே சுருதிதான். நடுவில் ஒரு நிறுத்தம் வரும், யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள.

ஆஸ்பத்திரித் துணி வெளுத்தே காலத்தைத் தள்ளியவள் அவள். ரத்தம், சீழ், வாந்தி எதற்கும் முகம் சுளித்ததில்லை. ரத்தக் கறைக்கு வெந்நீர் காட்டாதே, உட்கார்ந்துவிடும் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். ஆனால் இன்று காலை தங்கை வந்து உட்கார்ந்ததிலிருந்து முன்னறைப் பக்கம் போக அவளுக்கு மனசு வரவில்லை.

முதல் கணவன் செத்துப்போய், தங்கைக்குப் பெரிய இடத்துச் சம்பந்தம் வந்தபோது, கைக்குழந்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 'ரெண்டே நாள் பாத்துக்கோக்கா' என்று அழுக்குத் துணிக்கூடையில் பிள்ளையை வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பிள்ளைக்கு இப்போது சலவைக்காரியின் தோளுக்கு மேல் உயரம். அன்றைக்குப் போனவள் அதன்பிறகு சித்தியாகத்தான் வந்தாள், வருஷத்துக்கு ஒருமுறை, ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு. பிள்ளைக்காகச் சலவைக்காரி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பக்கத்து அறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு எல்லாம் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஈரக் கையோடு முன்னறைக்கு வந்தாள்.

"பெத்த வயிறு கேக்குதுக்கா. என் பொண்ணை என்கிட்டயே குடுத்துடு" என்றாள் தங்கை.

இத்தனை வருஷம் கேட்காத வயிறு இன்றைக்கு எதற்குக் கேட்கிறது என்று அக்கா துருவியதும் சங்கதி சிறிது சிறிதாக வெளியே வந்தது. மாமியார் விழுந்து படுத்த படுக்கை. வேலைக்கு வைத்த இரண்டு ஆயாக்களும் ஓடிவிட்டார்கள். நீ பார், இல்லையென்றால் உன் வீட்டுக்குப் போ என்கிறான் புருஷன்.

"எனக்குக் குமட்டுதுக்கா. என் பொண்ணுக்குத்தான் இந்தப் பீத்துணியெல்லாம் பழக்கமாச்சே."

சொல்லிவிட்டு, மேசையில் மடித்து அடுக்கியிருந்த வெள்ளைத் தலையணை உறையில் ஒன்றை இழுத்துக் கண்ணைத் துடைத்தாள். வெள்ளையில் மை அப்பிக்கொண்டது. அக்காவுக்கு அந்த உறையைப் பார்க்கவே கூசியது.

பிறகு அழுகை நின்று பேரம் தொடங்கியது. அங்கே வந்தால் தனி அறை உண்டு, நல்ல பள்ளிக்கூடம் உண்டு. தத்து கொடுத்ததாக உன்னிடம் எழுத்து ஏதாவது இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை விழுந்தது. எழுத்து எதுவும் கிடையாது. அக்காவின் பார்வை பக்கத்து அறைப் பக்கம் போனது. தனி அறைக்கு ஆசைப்படாத வயசா அது? பெற்றவள் யார் என்ற விவரத்தைச் சொன்ன அன்றே, போவதும் இருப்பதும் உன் இஷ்டம் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றது. மகள் வெளியே வந்தாள். இருவரையும் தாண்டி வாசலுக்குப் போய், ஆஸ்பத்திரி வண்டி இறக்கிவிட்டுப் போன அழுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என் கண்ணே, நான்தாண்டி உன்னைப் பெத்த அம்மா" என்று தங்கை இரண்டு கைகளையும் விரித்தாள். மூட்டையின் வாடை முகத்தில் அடித்ததும் விரித்த கைகள் மூக்குக்குப் போயின. பொத்திய கைக்குள்ளேயே மேலும் ஏதோ சொன்னாள்.

"தெரியும் சித்தி. அம்மா அப்பவே சொல்லிட்டாங்க" என்றாள் பெண், மூட்டையை இறக்காமலே. "மூக்கைப் பொத்திக்கிட்டு பேசறீங்களா, எதுவும் சரியா விளங்கல. நான் வரல. உங்க மாமியார் துணியை வேணா அனுப்புங்க, நானும் அம்மாவும் வெளுத்துத் தர்றோம்."

நன்றி கெட்டதுகள் என்று முணுமுணுத்தபடி தங்கை எழுந்தாள். மூட்டையில் உடம்பு படாமல் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

சலவைக்காரி மை பட்ட உறையை எடுத்தாள். எந்த நோயாளியின் துணியையும் அப்படித் தொட்டதில்லை அவள். இரண்டே விரலால் தூக்கிக்கொண்டு போய் வாளியில் போட்டாள்.

"கதவைச் சாத்தும்மா" என்றாள். மகள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் போய்ச் சாத்தினாள்.