மீன் தொட்டிக்குள் பொத்துவில் மணல்

பதுளை பஜாரில் எனக்குக் கண்ணாடிக் கடை, திரைக்குப் பின்னால் வீடு. படத்துக்குச் சட்டம் போடுவேன், ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுவேன். எழுபதுகளின் கடைசியில் ஒரு மீன் தொட்டியும் செய்தேன், கடல் மீன் வளர்க்க. மலையில் உட்கார்ந்துகொண்டு கடல் மீன் வளர்க்கிறானாம் என்று பஜாரே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். என் மனைவி பொத்துவில்காரி. இந்தக் குளிருக்குள் வாழ வந்த நாள் முதல் கடலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பொத்துவிலில் இருந்து மீன் ஏற்றி வரும் லொறியில் அவளுடைய வாப்பா கேன் கேனாகக் கடல் தண்ணீர் அனுப்பினார். முருகைக்கல் என்ற பவளப் பாறைத் துண்டுகளும், வெள்ளைப் பட்டை போட்ட செம்மஞ்சள் மீன்களும் அதே லொறியில்தான் வந்தன. அடியில் மணல் போடுவதா, வெறும் கண்ணாடியாக விடுவதா என்ற பேச்சு அப்போதே வந்தது. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் பங்களாவில் இப்படித் தொட்டி வைத்திருந்தார். மணல் போட்டால் ஊத்தையெல்லாம் அதற்குள் ஒளிந்துகொள்ளும், வெறும் அடியென்றால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்பது அவருடைய கட்சி. கண்ணாடி வெட்டுகிற எனக்கும் அதுதான் பிடித்தது. அவளும் சரி என்றுவிட்டாள்.

அந்த மாரியில் அவளுடைய தம்பி கடலுக்குப் போனான். தோணி கவிழ்ந்து கரை ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை. உடல் கிடைக்காவிட்டாலும் காயிப் ஜனாஸா என்ற இறுதித் தொழுகையைத் தொழுது அவனுக்காக துஆ கேட்கலாம் என்று பள்ளிவாசலில் சொன்னார்கள். இவள் விட்டால்தானே! "மையித்தக் காணாம மவுத்து எண்டு எப்பிடிச் சொல்லுவீங்க?" என்று கத்தினாள். மகள் மனம் நோகக் கூடாதென்று வாப்பா தொழுகையைத் தள்ளிப் போட்டார். தம்பியின் மனைவி சின்னப் பெண். விதவையாக நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இத்தா இருப்பதா, புருஷன் வருவான் என்று காத்திருப்பதா என்று தெரியாமல் அந்த வீட்டு மூலையில் கிடந்தாள். எல்லாம் இவளுடைய ஒரு வார்த்தைக்காக நின்றது.

ஊருக்குப் போய்த் திரும்பி வந்தவள் ஒரு சாக்கு மணலோடு லொறியிலிருந்து இறங்கினாள். தோணி ஒதுங்கிய இடத்து மணல். கழுவித் தருகிறேன் என்றேன். "பதுள தண்ணி படப்படாது மச்சான், செத்துப் போயிரும்" என்று சொல்லி அப்படியே கையால் அள்ளித் தொட்டிக்குள் பரப்பினாள். மணல் சாகுமா? வாயைத் திறந்தால் வீடு ரெண்டாகும் என்று காலிச் சாக்கை உதறி மடித்து வைத்தேன்.

கொஞ்ச நாளில் மணலில் ஒரு மேடு எழும்பியது. காலையில் பார்த்தால் இருக்கும், கை அளவு நீளம், தெற்கு வடக்காக. நான் குச்சியால் தட்டிச் சமமாக்குவேன். மறுநாள் அதே இடத்தில், அதே வாக்கில் மறுபடி இருக்கும், போன தடவையைவிடக் கொஞ்சம் நீளமாக. நண்டாக இருக்கும், புழுவாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மீன்கள் அந்த மேட்டுக்கு மேலே ஒரு நாளும் நீந்தவில்லை. அது வரைக்கும் வந்து, நின்று, திரும்பிப் போயின.

சம்பள நாளில் சட்டம் போட வந்த தோட்டத்து அம்மா ஒருத்தி தொட்டியை எட்டிப் பார்த்தாள். "என்னங்க மொதலாளி, உள்ளுக்க யாரப் பொதச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். விளையாட்டுப் பேச்சுத்தான். திரும்பிப் பார்த்தேன், திரைக்குப் பின்னால் இவள் நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் தொட்டியை விட்டு நகரவில்லை. பின்னேரங்களில் மலையிலிருந்து இறங்கும் மூட்டம் வீட்டுக்குள்ளும் வந்துவிடும், தொட்டி வெளிச்சம் மட்டும் தெரியும். அப்படி ஒரு பின்னேரம் கடையிலிருந்து உள்ளே வந்தேன். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்: "தம்பி, குளிருதாடா?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காது கொடுத்தாள். ஜின்னுக்கோ பேய்க்கோ நான் பயந்தவன் கிடையாது. இவள் எனக்கு இல்லாமல் போய்விடுவாள் என்றுதான் பயந்தேன். வந்த கோபத்தில், இந்த மணல் இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று வாளியைத் தூக்கினேன்.

நான் ஆற்று மணலைக் கண்டவன். பதுளு ஓயாவில் மணலைக் கிளறினால் கலங்கும், பிறகு தெளியும். அந்த நினைப்பில் மீன்களை வெளியே எடுக்காமலே மேட்டுக்குள் அகப்பையை விட்டுத் தோண்டினேன். மேலே வெள்ளையாக இருந்த மணல் அடியில் கரிக்கறுப்பு. கறுப்பு கிளம்பித் தொட்டியை மூடியது. கூழ் முட்டை நாற்றம் வீடு முழுக்க அடித்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அல்லாஹ்வே, என்ன காரியம் செய்துவிட்டேன்! நிறுத்தவும் முடியவில்லை. வாளி வாளியாக அள்ளிச் சலித்தேன். சிப்பித் துண்டுகள் வந்தன. நண்டு இல்லை, புழு இல்லை. மேட்டைக் கட்டியது எதுவென்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அவள் தடுக்கவே இல்லை. சத்தம் போடுவாள், அழுவாள் என்று பார்த்தேன். சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டிக்கொண்டு கிட்டே வந்தாள். அந்தக் கறுப்புத் தண்ணீருக்குள் கையை விட்டாள். மூலைக்கு மூலை, அடியோடு அடியாகத் தடவிக்கொண்டே போனாள். செத்த மீன்கள் அவள் கையில் முட்டின. அவற்றை ஒதுக்கிவிட்டுத் தடவினாள். எதைத் தேடுகிறாள் என்று விளங்கியபோது அவள் தோளைப் பிடித்தேன். "போதும் புள்ள" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை.

கடைசியாகக் கையை எடுத்தாள். முழங்கைக்கு மேலே வரை கறுப்பு. அதைத் துடைக்காமல் என்னைப் பார்த்தாள்.

"வாப்பாக்குச் சொல்லியனுப்புங்க மச்சான், தொழட்டும்" என்றாள். "தம்பி இங்கயும் இல்ல."